‘நல்ல ஏரியா’ என்று எழுதினால் வழக்கு வருமா? அமெரிக்க வீட்டு மதிப்பீட்டில் சொற்கள் செய்யும் வேலை

அமெரிக்காவில் வீட்டுக் கடன் கேட்டால், வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். வீடு எவ்வளவு பெறும் என்று அவர் அறிக்கை தருவார். அதில் ‘நல்ல ஏரியா’, ‘குடும்பங்களுக்கு ஏற்ற இடம்’ என்று ரெண்டு வார்த்தை சேர்த்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்கிறீர்களா? வழக்கே வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1968-ன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம், இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பின்னர் பாலினமும், 1988-ல் மாற்றுத்திறனும் குழந்தைகள் உள்ள குடும்பமும் பட்டியலில் சேர்ந்தன. மதிப்பீடும் இதற்குள் வரும். பல ஆண்டுகளாகப் பயன்பட்ட 1004 படிவத்திலேயே ‘இனம் மதிப்பீட்டுக் காரணி அல்ல’ என்று அச்சிட்டிருப்பார்கள்.

பாராட்டுவதில் என்ன தப்பு?

‘நல்ல ஏரியா’ என்றால் யாருக்கு நல்லது? இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. 1930-களில் ஓர் அரசு அமைப்பு நகரப் பகுதிகளை ஏ முதல் டி வரை தரம் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு நிறம், டி தரம். அளக்க முடியாத சொல், அந்தப் பழைய தரப்பிரிப்பைப் பெயர் சொல்லாமலே உள்ளே கொண்டுவந்துவிடும் என்பதுதான் கவலை.

எண்கள் என்ன காட்டுகின்றன?

ஃப்ரெடி மேக் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒப்பந்த விலைக்குக் கீழே மதிப்பிடப்பட்ட வீடுகள்:

• வெள்ளையர் பெரும்பான்மைப் பகுதிகளில் 7.4%
• கறுப்பினத்தவர் பகுதிகளில் 12.5%
• லத்தீனோ பகுதிகளில் 15.4%

இந்த இடைவெளிக்குச் சொற்கள்தான் காரணம் என்று இந்த எண்கள் நிரூபிக்காது. ஆனால் அதே ஆண்டு, வீட்டு நிதி ஒழுங்குமுறை அமைப்பு அறிக்கைகளில் சொல் தேடியபோது, இனத்தைத் தொடும் குறிப்புகள் இருக்கலாம் என்று ஆயிரக்கணக்கில் சிக்கின.

நீதிமன்றம் வரை போன கதை

கலிஃபோர்னியாவின் மரின் சிட்டியில், 2020-ல் ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டுக்குக் கிடைத்த மதிப்பு 9.95 லட்சம் டாலர். அடுத்த முறை குடும்பப் படங்களை எடுத்துவிட்டு, வெள்ளையினத் தோழி ஒருவரை உரிமையாளர்போல நிற்க வைத்தார்கள். மதிப்பு 14.82 லட்சம் டாலர்! முதல் அறிக்கையில் ‘இனம்’ என்ற சொல்லே கிடையாது. சுற்றுப் பகுதிகளிலிருந்து வேறுபட்ட சந்தை இது என்றுதான் இருந்தது. அதையே மறைமுகக் குறிப்பு என்று வழக்கில் வாதிட்டார்கள். தீர்ப்பு வரவில்லை, 2023-ல் சமரசத்தில் முடிந்தது. மதிப்பீட்டாளரோடு, அவரை அமர்த்திய நிறுவனமும் வழக்கில் சிக்கியது.

அப்போ எப்படி எழுதணும்?

அளந்து எழுதணும். ‘பஸ் பக்கத்தில்’ என்பதற்குப் பதில் ‘0.3 மைலில் பஸ் நிறுத்தம்’. ‘பிரபலமான இடம்’ என்பதற்குப் பதில், இதேபோன்ற வீடுகள் சராசரியாக எத்தனை நாளில் விற்றன என்ற கணக்கு.

உங்களுக்கு இதில் என்ன?

அங்கே வேலைக்குப் போய் வீடு வாங்கினால், பூர்விக நாடு என்ற பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு. மதிப்பீட்டு அறிக்கையின் நகலைத் தருவது கடன் கொடுப்பவரின் சட்டக் கடமை. அக்கம்பக்கம் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். ஆதாரமில்லாத சொல்லோ, பொருந்தாத ஒப்பீட்டு வீடோ இருந்தால், மறுபரிசீலனையை எழுத்தில் கேளுங்கள். பாகுபாடு என்று தோன்றினால், மத்திய வீட்டுவசதித் துறையிடம் புகார் செய்ய ஓராண்டு அவகாசம் உண்டு.