கப்பலுக்குக் கடல் வேண்டும்

நடுத்தரக் குடும்பத்தார் வீட்டுக் கூடங்களில் ஒரு பாய்மரக் கப்பல் இருப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. கண்ணாடி அலமாரியின் மேல் தட்டில், பிள்ளை வாங்கிய ஓட்டப் பந்தயக் கோப்பைக்கும் தாத்தாவின் படத்துக்கும் நடுவே, இரண்டு மரத் தாங்கிகளின்மேல் அது உட்கார்ந்திருக்கும். யாராவது பிரயாணத்தின்போது வாங்கி வந்ததாயிருக்கலாம். அல்லது வீட்டுப் பிள்ளை கோடை விடுமுறையில் துண்டு துண்டாக ஒட்டி உருவாக்கியதாயிருக்கலாம். வருகிறவர்கள், "அடடா, அழகாயிருக்கிறதே!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பியைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். அதற்குமேல் சொல்வதற்கு அவர்களுக்கும் ஒன்றுமில்லை. அந்தக் கப்பலுக்கும் ஒன்றுமில்லை.

காரணம், கடல் இல்லாத கப்பல் கரையில் கிடக்கும் மீனைப் போன்றது. பாய்கள் புடைத்து நிற்கின்றன. ஆனால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? முன்புறம் நிமிர்ந்து பாய்கிறது, எதன்மேல்? இந்தக் கேள்விகளுக்கு மரத் தாங்கி பதில் சொல்லாது. கடல்தான் சொல்லவேண்டும். ஆகவே கப்பல் வைத்திருக்கும் வீட்டார் ஒரு சிறு கடலையும் செய்து அதில் அதை மிதக்கவிடவேண்டும் என்பதே இவ்வாரம் நாம் சொல்ல விரும்பும் விஷயம்.

இது பொம்மைக் கப்பலுக்கு மட்டும் உரிய குறையன்று. லண்டனின் கிரீனிச்சில் நிற்கும் 'கட்டி ஸார்க்' என்னும் நிஜக் கப்பலுக்கே இந்தக் குறை ஏற்பட்டது. சீனத்துத் தேயிலையை விரைவாகக் கொண்டுவருவதற்கென்று ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, 1869-ம் ஆண்டு நவம்பர் 22-ம் தேதி நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னால்தான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது. தேயிலையும் நாளடைவில் அவற்றின் கைக்குப் போய்விட்டது. 'கட்டி ஸார்க்' பிறகு ஆஸ்திரேலியக் கம்பளி சுமந்தது. போர்த்துகீசியர் கைக்கு மாறியது. கடைசியில் 1954-ல் கிரீனிச்சில் நீரில்லாத கப்பல்துறை ஒன்றில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. 2007-ம் ஆண்டு மே மாதம் தீ விபத்து நேர்ந்து, பழுது பார்க்கப்பட்டு, 2012-ல் மறுபடியும் திறந்தபோது, கப்பலைச் சுமார் 3 மீட்டர் உயரத் தூக்கி, அதன் நீர்மட்டத்தைச் சுற்றிலும் கண்ணாடிக் கூரை போட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கப்பல் ஒரு கண்ணாடிக் கடலில் மிதப்பது போலிருக்கவேண்டும் என்பது எண்ணம். நிஜக் கப்பலுக்கே செயற்கைக் கடல் வேண்டியிருந்ததென்றால், நம் அலமாரிக் கப்பலைப் பற்றிக் கேட்பானேன்!

இனிக் கடல் செய்யும் முறையைப் பார்ப்போம். முதலில் செய்யவேண்டியது பசையும் வர்ணமும் வாங்குவதன்று, காற்றைத் தீர்மானிப்பதே. அடிப்பலகையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். காற்று அந்தத் திசையில் வீசுகிறது. இனிமேல் பலகையின்மேல் வைக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த அம்புக்குக் கட்டுப்படவேண்டும். அலைகள் காற்றுப் போகும் திசையில் நடக்கவேண்டும். அலையின் தலை உடைந்து நுரை விழுவதும் அந்தப் பக்கமே. கப்பலும் காற்றுப் போகும் பக்கமாகச் சற்றே சாயவேண்டும். குறுக்குக் கழிகளில் பாய் கட்டிய கப்பல் காற்றுக்கு நேர் எதிரே போகமுடியாது. காற்று பின்புறத்து ஓரமாக வந்து தள்ளும்போதே எல்லாப் பாய்களும் நன்றாக உழைக்கும்.

கொடி விஷயத்தில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். இதைப் பற்றி ஒரு சிறு சம்பவம் சொல்லவேண்டும். நம் பள்ளிக்கூடத்து மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கப்பல் செய்து வகுப்பில் கொண்டுவந்து வைத்தார்கள். வேலைப்பாடு மிக நேர்த்தி. செய்தவர்கள் எல்லோரும் முதல் பெஞ்சுக்காரர்கள். எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்கையில் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தான். கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவன். பரீட்சைகளில் அவன் மதிப்பெண்ணை நாம் இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை.

"ஸார், பாய் ஒரு காத்துல போகுது, கொடி வேற காத்துல பறக்குது" என்றான்.

வகுப்பு சிரித்தது. பிறகு உற்றுப் பார்த்தது. பாய்கள் முன்னோக்கிப் புடைத்திருந்தன. கொடியோ பின்னோக்கிப் பறந்துகொண்டிருந்தது. மோட்டார் வண்டியில் கட்டிய கொடி பின்னோக்கிப் பறப்பதைப் பார்த்தே பழகிய கண்கள் நமக்கு. வண்டி தன் வேகத்தால் எதிர்க்காற்றை உண்டாக்குகிறது. பின்னாலிருந்து வரும் காற்றால் தள்ளப்படும் கப்பலோ அந்தக் காற்றை மிஞ்சி ஓடுவதில்லை. ஆகையால் அதன் கொடி முன்னோக்கித்தான் பறக்கும். வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றின் பெயர்களோடு வளர்ந்த பிள்ளைக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தக் கப்பலுக்குக் கடல் அமைக்கும் பொறுப்பு முழுவதும் அவனிடமே விடப்பட்டது. முதல் பெஞ்சுக்காரர்கள் பசை கரைத்துக் கொடுத்தார்கள்.

காற்றுக்கு அடுத்தபடி கணக்கு. 'கட்டி ஸார்க்' உடலின் நீளம் சுமார் 212 அடி. ஓர் அடிக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துச் செய்தால் பொம்மையின் நீளம் ஏறக்குறைய 26½ அங்குலம் வரும். அந்த அளவில் 6 அடி மாலுமி முக்கால் அங்குல உயரமே இருப்பான். 12 அடி உயர அலை 1½ அங்குலம். இனி ஒரு முக்கியமான நியதி: அலையின் உயரம், ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் உள்ள தூரத்தில் ஏழில் ஒரு பங்கை மிஞ்சினால் அந்த அலை நிற்காது; உடைந்து போகும். ஆகவே 1½ அங்குல அலைக்கு இடைவெளி 10½ அங்குலத்துக்குக் குறையக்கூடாது. ஆழ்கடலில் காணும் அலைகள் இன்னும் படுக்கையானவை. 30 அங்குலம் கொடுத்தாலும் தவறில்லை. வீடுகளில் செய்யும் கடல்கள் இட்லித் தட்டைக் கவிழ்த்தாற்போல நெருக்கமான மேடுகளாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கைப் போடாததே. பெரிய அலைகள் சிலவே போதும். அவற்றின் முதுகில் சிறு சுருக்கங்கள் நிறைய வேண்டும்.

கப்பல் ஓடினால் தண்ணீரில் சுவடும் வேண்டும். முன்புறத்திலிருந்து இருபுறமும் விரியும் அலைக்கோடுகள் கப்பலின் பாதையிலிருந்து சுமார் 19½ டிகிரிக்குள் அடங்கும் என்று கெல்வின் பிரபு 1887-ல் கணக்கிட்டுக் காட்டினார். ஆழமான நீரில் குளத்து வாத்துக்கும் கப்பலுக்கும் இந்தக் கோணம் ஒன்றே என்பது வேடிக்கை. பிள்ளைகள் கோணமானியை வைத்தே இதைக் கீறிக்கொள்ளலாம்.

செய்பொருள்கள் எல்லாம் ஊர்க் கடைவீதியில் கிடைப்பவையே. ஒட்டுப்பலகையின்மேல் தெர்மோகோல் தகட்டை ஒட்டி, கப்பலின் நீர்மட்டத்து வடிவத்தை அதில் வரைந்து பள்ளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கப்பலை அறுக்கவேண்டியதில்லை; நீருக்குக் கீழுள்ள பாகம் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். தெர்மோகோலைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் அலைகளாகச் செதுக்கி, பெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, மெல்லிய டிஷ்யூ காகிதத்தை அதில் நனைத்து மேலே போர்த்துங்கள். காகிதம் தானாகவே சுருங்கிச் சிறு திரைகளை உண்டாக்கும். இரண்டு நாள் காயவிட்டு, நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் பூசுங்கள். தின்னர் கலந்த வர்ணம் வேண்டாம். அது தெர்மோகோலைத் தின்றுவிடும்.

வர்ணத்தில் ஒரு எச்சரிக்கை: கடல் நீலம் என்பது பாட்டுக்குச் சரி, பலகைக்குச் சரியன்று. அலையின் பள்ளத்தில் கருநீலமும், ஏறுமுகத்தில் பசுமை கலந்த நீலமும், ஒளி ஊடுருவும் தலைப்பில் வெளிறிய பச்சையும் வரவேண்டும். அதன்மேல் நீர்வார்னிஷ் மூன்று நான்கு பூச்சு கொடுத்தால் ஈரம் வந்துவிடும். நுரைக்கு, பிரித்த பஞ்சைப் பசையில் தொட்டு ஒட்டி வெள்ளை வர்ணத்தை வற்றிய தூரிகையால் தேய்க்கலாம். நுரையில் சிக்கனம் தேவை. மந்தக் காற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும், பலத்த காற்றில் எங்குமாகவும் நுரை தோன்றும். 1805-ல் பியூபோர்ட் என்ற கடற்படை அதிகாரி காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை வகுத்தபோது, ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பாய் விரிக்கமுடியும் என்பதையே அளவுகோலாகக் கொண்டார். ஆகவே பாய் முழுவதும் விரித்துவிட்டு, கடலில் புயல் நுரையைக் கொட்டுவது பொருந்தாது.

முடிந்தபின் கண்ணாடிப் பெட்டிக்குள், வெயில் படாத இடத்தில், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் அது விமானத்திலிருந்து பார்க்கும் கடலாகிவிடும். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி தெர்மோகோலைக் கெடுக்கும். வேப்பிலை போதும்.

எந்தக் காட்சியைச் செய்வது? பாய்களெல்லாம் விரிந்த வெற்றிக் கோலமே பலருக்கும் பிடிக்கும். ஆனால் 1872-ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். 'கட்டி ஸார்க்'கும் 'தெர்மாபிலி' என்ற போட்டிக் கப்பலும் தேயிலையுடன் ஷாங்காயிலிருந்து ஒரே சமயத்தில் புறப்பட்டன. இந்து சமுத்திரத்தில் சுமார் 400 மைல் முந்தியிருந்த 'கட்டி ஸார்க்'கின் சுக்கானைக் கடும் புயல் பிய்த்தெறிந்தது. துறைமுகம் தேடி ஒதுங்காமல், உருளும் மேல்தளத்திலேயே உலை மூட்டி, கையிலிருந்த மரத்தையும் இரும்பையும் கொண்டு ஒரு தற்காலிகச் சுக்கான் செய்து பொருத்தினார்கள். போட்டியில் தோற்றார்கள், ஒரு வாரம் பின்தங்கியே லண்டன் சேர்ந்தார்கள். ஆயினும் இன்று கண்ணாடிக் கடலில் நிற்பது தோற்ற கப்பல்தான். சுருட்டிய பாய்களும், உயர்ந்த அலையும், தளத்தில் முக்கால் அங்குல மனிதர்கள் கூடி நிற்பதுமாக இந்தக் காட்சியைச் செய்கிற பிள்ளை ஒரு நல்ல பாடத்தைச் செய்தவனாவான்.

கிரீனிச்சில் நிற்கும் பாக்கியம் எல்லாக் கப்பலுக்கும் கிட்டுவதில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்க் கைகள் கட்டிய 'அன்னபூரணி' என்ற இரு பாய்மரக் கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றிவந்த ராபின்ஸன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். தமிழ் மாலுமிகள் செலுத்த, இந்து சமுத்திரத்தையும் அட்லாண்டிக் சமுத்திரத்தையும் கடந்து 1938-ல் அது அமெரிக்காவின் குளௌஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. சுமார் 90 அடிக் கப்பல். நாம் சொன்ன அளவில் 11 அங்குலத்துக்குச் சற்று மேல். 'கட்டி ஸார்க்'கைப் போல அதைக் காப்பாற்றி வைத்த கப்பல்துறை ஒன்றுமில்லை. அதை ஒரு வீட்டுக் கூடத்தில் மிதக்கவிடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வல்வெட்டித்துறைக் கரையோரமானால் ஆழமற்ற பச்சை நீர், குட்டையான அலை. அட்லாண்டிக் ஆனால் கருநீலம், நெடிய அலை. கப்பல் ஒன்றே, கடல்தான் அது எங்கேயிருக்கிறது என்று சொல்லும்.

"பரீட்சை வருஷத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் தந்தைமார்களுக்கு ஒரு வார்த்தை. விகிதம், கோணம், காற்று, நீர், பூகோளம், சரித்திரம் இத்தனையும் ஒரு முழப் பலகையில் கூடுகின்றன. அதில் ஒன்று பிசகினால் மற்றதெல்லாம் பிசகு என்பது கண்ணெதிரே தெரிகிறது. இதைப் பரணில் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். கூடவே உட்கார்ந்து பசை கரைத்துக் கொடுங்கள். கடற்கரை ஊரில் இருப்பவர்களானால் இன்னொன்றும் செய்யலாம்: காற்றின் பெயரறிந்த வலைஞர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, கொடி சரியாகப் பறக்கிறதா என்று கேளுங்கள்.