களரும் உவரும்

புவி வேதியியல் என்றதும் தமிழ் பயிலும் மாணவர் அது தமக்குரிய துறையன்று என ஒதுங்கிவிடுகின்றனர். மண்ணிலும் நீரிலும் பாறையிலும் எத்தனிமங்கள் உள்ளன, அவை எவ்வாறு இடம்பெயர்கின்றன என ஆராய்வதே அவ்வறிவியல். 1838-இல் ஷோன்பைன் என்னும் வேதியியலார் அதற்குப் பெயர் சூட்டினார். அது பேசும் பொருளோ கும்பகோணத்து வயலிலேயே கிடக்கிறது.

காவிரி சுமந்து வந்த வண்டலால் ஆனவை இவ்வயல்கள். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் அவ்வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. கிழக்கே கடலோரத்து நிலத்தடி நீரில் உப்பு ஏறுகிறது. 2004-இல் ஆழிப்பேரலை நாகை வயல்களுக்குள் கடல்நீரையே கொணர்ந்தது.

இங்கேதான் சொல்லறிவு வேண்டப்படுகிறது. களர், உவர் இரண்டையும் ஒருபொருட் சொற்களாக எழுதுவோர் பலர். கரையும் உப்பு மிகுந்தது உவர்நிலம். நன்னீரைத் தேக்கி வடித்தால் திருந்தும். களர்நிலத்திலோ சோடியம் மண்துகளைப் பற்றி நிற்கும். நீர் மட்டும் போதாது. ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கும். அதன்பின் வடித்தல் வேண்டும். சொல் மயங்கின் உழவனுக்குக் கைப்பொருளும் போகத்தின் விளைவும் இழப்பாம்.

ஆதலின் இத்துறையின் கலைச்சொற்களை வேதியியலாரிடமே விட்டுவிடுதல் தகாது என்பது நம் கருத்து. தமிழ்த்துறை மாணவர் உழவர் வழங்கும் மண்பெயர்களைத் தொகுக்கட்டும். வேதியியல் மாணவர் அம்மண்ணைச் சோதித்துக் குறிப்பு வரையட்டும். குறுவை விதைப்புக்கு முன்னரே இதனைத் தொடங்கலாம். ஊர்ப் பெரியோர் தம் வயல்களில் மண்ணெடுக்க இசைவளிப்பார்களாக.