216 போட்டு 207 வாங்கிய கதை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவை நண்பர்களிடம் "கால்பந்து பற்றி எழுதித் தருகிறேன்" என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நம் மைதானத்தைப் பற்றி, வலை இல்லாத கோல் போஸ்டைப் பற்றிப் புலம்புவேன் என்று நினைத்திருப்பார்கள். மன்னிக்கவும் நண்பர்களே! நான் எழுதப் போவது அமெரிக்காவில் உள்ள அயோவா பல்கலைக்கழக அணியைப் பற்றி. அதுவும் நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்து. இவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, அயோவா சிட்டியில் எம்.எஸ். படித்தார். நான் இங்கே முதலாண்டு சேர்ந்த 2023இல், சனிக்கிழமை ராத்திரிகளில் விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து அவரோடு போனில் பேசிக்கொண்டே ஸ்கோர் பார்ப்பேன். அங்கே அப்போது பகல். ஏறத்தாழ 69,000 பேர் கொள்ளும் கின்னிக் ஸ்டேடியத்துக்குள் அண்ணன் இருப்பார். முதல் கால் பகுதி ஆட்டம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து, மைதானத்தை ஒட்டி உயர்ந்து நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்துக் கை அசைக்கும். ஜன்னலில் நிற்கும் பிள்ளைகளும் பதிலுக்குக் கை அசைப்பார்கள். 2017இல் தொடங்கிய வழக்கமாம். "தம்பி, இதுக்காகவே டிக்கெட் வாங்கலாம்டா. ஆட்டத்துக்காக வாங்கத்தான் யோசிக்கணும்" என்பார் அண்ணன்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு ஆட்டம் கொஞ்சமாவது புரிய வேண்டும். பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. மூன்று வாய்ப்பிலும் முன்னேற முடியவில்லை என்றால், நான்காவதில் பந்தைத் தூரமாக உதைத்து எதிரியிடமே கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பன்ட். நம் பாஷையில் "அடிச்சு விடுடா, அப்புறம் பாத்துக்கலாம்". அயோவாவின் ஆட்டம் பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

2022 சீசனின் முதல் ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை 7-3 என்று வென்றார்கள். ஒரு டச் டவுன் கூட இல்லை! ஒரு ஃபீல்டு கோல் 3. எதிரியை அவன் எல்லைக்குள்ளேயே மடக்கினால் 2 புள்ளி, அப்படி இரண்டு தடவை. ஆக 7. அந்த சீசன் கடைசியில் நடந்த பவுல் போட்டியில் கென்டக்கியை 21-0 என்று வென்றபோதும், மூன்று டச் டவுன்களில் இரண்டு, தடுப்பு ஆட்டக்காரர்கள் எதிரியின் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப் போட்டவை. பவுல் என்பது சீசன் முடிந்தபின் நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் அழைப்புப் போட்டி.

தாக்கும் ஆட்டத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர் பிரையன் ஃபெரன்ட்ஸ். 1999இலிருந்து தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் கிர்க் ஃபெரன்ட்ஸ். ஆமாம், அப்பாவும் மகனும்தான். சொந்தக்காரருக்குக் கீழே வேலை செய்யக்கூடாது என்ற விதிக்காக, காகிதத்தில் மகன் விளையாட்டுத் துறை இயக்குநருக்குக் கீழே இருந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? 2023 பிப்ரவரியில் அவருடைய ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளத்தில் 50,000 டாலர் குறைப்பு. அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும், ஏழு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும், இல்லையேல் வேலை நீடிக்காது. 13 ஆட்டத்துக்கு 325 புள்ளி.

அன்றிலிருந்து அங்கே ஆட்டம் பார்த்தவர்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்பதோடு 325க்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்றும் எண்ண ஆரம்பித்தார்கள். நம் ஊர் கிரிக்கெட்டில் தேவைப்படும் ரன் ரேட் பார்ப்பது போல! சும்மா சொல்லக்கூடாது, நானும் எண்ணினேன். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கணக்கே வைத்திருந்தேன். 24, 20, 41... ஆரம்பம் மோசமில்லை. பிறகு பென் ஸ்டேட்டிடம் 0-31. அடுத்த வாரம் முதல் நிலைக் குவார்ட்டர்பேக்குக்கு முழங்கால் போனது. அதன்பின் என் கணக்கு ஊர்ந்துதான் போனது.

மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தை மறக்கவே முடியாது. 10-12 என்று பின்தங்கி நிற்கிறார்கள், நேரம் முடியப் போகிறது. கூப்பர் டிஜீன் என்ற தடுப்பு ஆட்டக்காரர் எதிரி உதைத்த பந்தை எடுத்துக்கொண்டு எல்லை வரை ஓடிவிட்டார். அண்ணன் போனில் கத்தியதில் எனக்குக் காது அடைத்தது. நடுவர்கள் பார்த்துவிட்டு, பந்தை எடுக்கும் முன் அவர் கையை அசைத்தது விதிக்குப் புறம்பு, டச் டவுன் செல்லாது என்றார்கள். அண்ணன் அந்த நடுவர்களை இன்றும் திட்டுகிறார். ஆனால் பந்து அயோவாவிடம்தான் இருந்தது. தன் பாதிக்குள் இருந்தது. ஒரு ஃபீல்டு கோல் தூரம் போனால் ஜெயம். போக முடியவில்லை.

எட்டு ஆட்டம் முடிந்த நிலையில், அக்டோபர் 30 அன்று, இந்த சீசனோடு பிரையன் போகிறார் என்று பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டது. வேடிக்கை என்ன தெரியுமா? அதன்பின் நான்கு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார்கள். 10-7, 22-0, 15-13, 13-10. மொத்தம் 10 வெற்றி. பிக் டென் லீகின் மேற்குப் பிரிவில் முதலிடம்.

சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் மிச்சிகனிடம் 0-26. புத்தாண்டு அன்று சிட்ரஸ் பவுலில் டென்னசியிடம் 0-35. என் நோட்டின் கடைசி வரி: 14 ஆட்டம், போட்டது 216, வாங்கியது 207. வெறும் 9 புள்ளி வித்தியாசத்தில் ஒரு அணி 10 ஆட்டம் ஜெயித்திருக்கிறது!

தடுத்தே ஜெயிப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பில்லை. நானும் தடுக்கிற ஆள்தான், நம் அணியின் கோல் கீப்பர். அந்த ஆண்டு அயோவாவின் நாயகன் யார் தெரியுமா? பன்ட் உதைக்கும் டோரி டெய்லர். மெல்போர்னிலிருந்து வந்தவர். அந்த சீசனில் 93 முறை உதைத்து 4,479 கெஜம். 1938இலிருந்து நின்ற சாதனையை முறியடித்தார். பன்ட் உதைப்பதுதான் வெற்றி என்று அச்சிட்ட பனியன்கள் அவர் பெயரில் விற்றன. வெளிநாட்டு மாணவர் விசாவில் இருந்ததால் அந்தக் காசு அவருக்கில்லை, தர்மத்துக்குப் போனது. "அவனுக்கும் எனக்கும் ஒரே கஷ்டம்டா" என்று அண்ணன் சிரிப்பார்.

ஆனால் 93 பன்ட் என்றால் என்ன அர்த்தம்? 93 முறை தாக்கும் அணி கையை விரித்தது என்று அர்த்தம். எதிரியும் தடுமாறும் அணியாக இருக்கும்வரை இந்த வித்தை பலிக்கும். மிச்சிகன் போன்ற அணி எதிரே நிற்கும்போது 0 புள்ளியை வைத்துக்கொண்டு யாராலும் ஜெயிக்க முடியாது. சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களில் எதிரே வருவதெல்லாம் அப்படிப்பட்ட அணிகள்தான். ஆகவே ரசிகர்களின் கோபம் நியாயமானது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

எனக்குச் சந்தேகம் அந்த 325இல். தடுப்பு ஆட்டக்காரர் போட்ட புள்ளியும் அதில் சேரும், உதைப்பவர் போட்டதும் சேரும். ஆனால் குறைந்தால் தலை ஒருவருக்குத்தான் போகும். பந்தை இழந்துவிடாதே, தூரமாக உதை, எதிரி தப்பு செய்யும்வரை காத்திரு என்பது மகன் கண்டுபிடித்த ஆட்டமா? அப்பா வருஷக் கணக்காக ஆடி வந்த ஆட்டம். அணி முழுக்க நம்பிய ஆட்டம். அதற்கான பில்லை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தார்கள். அவர் நல்ல பயிற்சியாளர் என்று நான் வாதாட வரவில்லை. மகன் என்பதால்தான் அவ்வளவு நாள் இருந்தார் என்று சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

2024இல் டிம் லெஸ்டர் என்ற புதியவர் வந்தார். கேலப் ஜான்சன் என்ற ஓட்டக்காரர் 1,537 கெஜம் ஓடினார். 13 ஆட்டத்தில் அணி எடுத்தது 360 புள்ளி. கேட்டது 325, வந்தது 360! வெற்றி? எட்டுதான். 19-20, 17-20 என்று இரண்டு தோல்வி, கடைசியில் பவுலில் மிசௌரியிடம் 24-27. முந்தைய ஆண்டு இதே மாதிரி நூலிழை ஆட்டங்கள் இந்தப் பக்கம் சாய்ந்தன, இந்த ஆண்டு அந்தப் பக்கம். அந்த ஆண்டுதான் 12 அணிகள் ஆடும் புதிய பிளே ஆஃப் தொடங்கியது. அதில் இடமில்லை. இருந்தாலும், எட்டு ஜெயித்த அணியே பத்து ஜெயித்த அணியைவிட நல்ல அணி என்பேன். அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, இது நம் மலரில் எதற்கு? இந்த ஆண்டு மண்டலப் போட்டியில் நாம் லீகில் மூன்று ஆட்டத்தில் போட்டது 2 கோல், வாங்கியது 1. அரையிறுதி 0-0, பெனால்டியில் தோல்வி. அன்று இரவு விடுதியில் நம் ஃபார்வர்டின் அறைக் கதவில் யாரோ சாக்பீஸால் பெரிதாக 7 என்று எழுதியிருந்தார்கள். அவன் தவறவிட்ட வாய்ப்புகளாம். எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். நானும் நின்று சிரித்தேன். அவன் ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்குப்பின் மைதானத்துக்கு வரவில்லை.

போன மாதம் அந்த அரையிறுதியின் செல்போன் வீடியோவைப் பார்த்தேன். அவன் வாய்ப்புகளை எண்ணலாம் என்றுதான் உட்கார்ந்தேன். என் கண்ணில் பட்டது நான்தான். பந்து கையில் வந்ததும், இடது பக்கம் நம் பையன் ஆளில்லாமல் நின்று கை காட்டுகிறான். நான் பார்க்கவே இல்லை. ஓங்கி உதைக்கிறேன். பந்து நடுக்கோட்டைத் தாண்டி எதிரியின் தலையில் விழுகிறது. மறுபடி வருகிறது, மறுபடி உதைக்கிறேன். முதல் பாதியில் மட்டும் பதினொரு தடவை. ஃபார்வர்டு அங்கே தனியாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வீடியோவை அவனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான். "இன்னொரு தடவை போடுடா" என்றான். சாயங்காலம் ஐந்தரைக்கு மைதானத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். இடது பக்கம் பந்தை உருட்டிக் கொடுத்துப் பழக வேண்டும். அவன் வருவதாகச் சொன்னான்.