கண் சோதனைக்குக் கூலி வெட்டா?

ரப்பர் மரம் வெட்டுகிறவருக்குக் கத்தி ஒரு கருவி. கண் மற்றொரு கருவி. விடியுமுன்னே நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பட்டையை வெட்டும்போது நூலளவு ஆழம் கூடினாலும் மரத்தில் காயம் பட்டுவிடும். கணக்கெழுதும் கிராணிகளாகிய நமக்கும் அப்படியே. எண் மங்கினால் ஒரு குடும்பத்தின் கூலி பிசகிவிடும். நாம் எல்லோரும் கண்ணை நம்பிக் கஞ்சி குடிக்கிறவர்கள்.

அந்தக் கண்ணை ஓசையின்றி அரிப்பது நீரிழிவு. நம் ஜோகூர்த் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் உழைக்கிறார்கள். ஆகவே அவ்வூர்ச் செய்தி நம் வீட்டுச் செய்தியே. அங்கே 2010ஆம் ஆண்டில் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கின்படி, வயது வந்தோரில் நீரிழிவு உள்ளவர்கள் சீனரில் 9.7 சதவிகிதம், மலாய்க்காரரில் 16.6, இந்தியரில் 17.2. முதலிடம் நமக்கு! இந்தப் பெருமை யாருக்கு வேண்டும்?

சர்க்கரை மிகுந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும். வலி இல்லை, தொடக்கத்தில் பார்வையும் குறையாது. மங்கலென்று உணரும்போது நோய் முற்றியிருக்கும். முன்கூட்டியே கண்டால் லேசர் ஒளியாலும் ஊசி மருந்தாலும் பார்வையைக் காக்கலாம். கண்டறியும் வழியும் எளிது: வருஷம் ஒரு முறை விழித்திரையைப் படம் பிடித்தால் போதும். சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்களில் 2010 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. அங்கே எடுத்த படத்தைப் பயிற்சி பெற்றவர்கள் வேறோர் இடத்திலிருந்து பார்த்து முடிவு சொல்கிறார்கள். சிராங்கூன் சாலையிலேயே காலாங் பலதுறை மருந்தகம் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் உழைக்கும் வயதினரே சோதனையைத் தவறவிடுகிறார்கள். "அறியாமை, அசட்டை" என்று படித்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள். நாம் ஒப்பமாட்டோம். மருந்தகம் திறந்திருப்பது பெரும்பாலும் வேலை நேரத்தில். சிலருக்குக் கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கும். லாரி ஓட்டுகிறவர் அன்று லாரியில் ஏற முடியுமா? வேலைக்குத் தகுதியில்லை என்று வைத்தியர் சான்று தந்தால்தான் சட்டப்படி சம்பளத்துடன் நோய் விடுப்பு. கண்ணைப் படம் எடுக்கப் போகிறவர் நோயில் கிடக்கிறவர் அல்லவே! அவருக்கு மிஞ்சுவது வருஷ விடுப்பு, அல்லது கூலி வெட்டு. பெர்மிட்டில் வந்த தொழிலாளிக்கோ, "நோய் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ" என்ற அச்சம் வேறு.

வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 2003இல் நாடளாவிய கண் சோதனையைத் தொடங்கினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினர் பார்வை இழப்பதற்கு ஐம்பது ஆண்டுகளாக முதற்காரணமாக இருந்த நீரிழிவுக் கண்நோய், 2009-10ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த இடத்திலிருந்து இறங்கிவிட்டது. சோதனை ஒன்றே காரணமன்று. ஆனாலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

எனவே நாம் கேட்பது மூன்று. நீரிழிவுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருஷத்தில் அரை நாள், சம்பளத்துடன், கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தொழிலாளி காமிராவைத் தேடி அலையாமல், காமிரா விடுதிக்கும் வேலைத்தலத்துக்கும், ஞாயிறு தோறும் நம்மவர் கூடும் தேக்கா வட்டாரத்துக்கும் வரவேண்டும். சோதனை முடிவு முதலாளியின் மேசைக்குப் போகக்கூடாது. அதைக் காட்டி எவர் வேலையும் பறிபோகக்கூடாது.

தோழர்களே! உரிமை கிடைக்கட்டும் என்று கண் காத்திராது. "எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது" என்று சொல்லும் நாளே சோதனைக்கு ஏற்ற நாள். இந்த வருஷமே போய் வாருங்கள். அதற்காகக் கூலி வெட்டினால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வெட்டிய கூலியைப் போராடி வாங்கலாம். போன பார்வையை எந்தப் போராட்டமும் மீட்டுத் தராது.