மாலியின் பருத்தி, யாருடைய விலை?



மேற்காப்பிரிக்கக் கிராமங்களின் வறுமைக்கு மழைக்குறைவை மட்டுமே காரணமாகச் சொல்லும் வழக்கம், மாலி நாட்டின் சிக்காசோ வட்டாரத்துப் பருத்தி விவசாயியின் வரவுசெலவைப் பார்த்தால் நிலைக்காது. விதையையும் உரத்தையும் பருத்தி நிறுவனத்திடம் கடனாகப் பெறும் அவர், கொள்முதலின்போது அக்கடன் கழிந்து எஞ்சுவதையே கையில் வாங்குகிறார். ஊர்ச் சங்கத்தில் ஒருவர் கடனைக் கட்டத் தவறினால், கூட்டுப்பொறுப்பு என்னும் ஏற்பாட்டின்படி, ஒழுங்காகக் கட்டியவரின் பணத்திலும் பிடித்தம் விழுகிறது. விலையை அவர் தீர்மானிப்பதில்லை. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு வழங்கிய மானியம், அதாவது சந்தை விலை சரிந்தாலும் அரசு ஈடுகட்டும் தொகை, விளைச்சலைப் பெருக்கி உலக விலையைத் தாழ்த்தியது. இதை எதிர்த்து பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகளும் 2003இல் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. ஆனால் இதே மானியத்தை எதிர்த்துத் தனியே வழக்காடும் வசதி படைத்த பிரேசிலுக்கே 2014இல் அமெரிக்காவிடமிருந்து 30 கோடி டாலர் கிடைத்தது, இந்த நான்கு நாடுகளும் கேட்ட இழப்பீடு வரவில்லை. கடற்கரையற்ற மாலியோ தன் பஞ்சின் பெரும்பகுதியை நூலாக்காமலே லாரிகளில் அண்டை நாட்டுத் துறைமுகங்களுக்கு அனுப்புகிறது. நூற்பு, நெசவு தரும் கூலியும் அந்த லாரியிலேயே ஏறிப் போய்விடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்