யாரிடம், யாருக்காக: புனிதர்களை வேண்டுவதும் திருவிவிலியமும்

சென்ற ஆண்டு அக்காவின் குழந்தை பத்து நாள் மருத்துவமனையில் இருந்தது. மும்பையில் வாழும் என் அம்மா, பல்லாண்டுப் பழக்கப்படி, மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தின் புதன்கிழமை நவநாளுக்குச் சென்று சகாய மாதாவிடம் வேண்டிக்கொண்டார். அக்காவின் கணவர் பெந்தெகொஸ்து சபையினர். இறந்தோரை அழைப்பது தேவன் விலக்கிய பாவம் என்றும், அதன் கேடு குழந்தைமேல் வரும் என்றும் அத்தான் சொல்லிவிட்டார். குழந்தை நலமடைந்து ஓராண்டாகிறது. அந்தச் சொல்லை மட்டும் அம்மாவால் இன்னும் மறக்க இயலவில்லை. மொழியியல் படித்தவனுக்குக் கிரேக்கம் தெரியும் என்ற நம்பிக்கையில் இருதரப்பும் எனக்கு வசனங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அகராதியும் இலக்கண நூலும் அருகிலிருந்தால் வாசிக்கக்கூடிய அளவே என் கிரேக்கம். ஆயினும், வந்த வசனங்களையெல்லாம் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், இருவருமே தம் வசனங்களில் இல்லாத ஒன்றை அவற்றுள் வாசிக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

குழப்பம் தமிழ் வினையிலேயே தொடங்குகிறது. 'அம்மா மாதாவிடம் குழந்தைக்காக வேண்டிக்கொண்டார்' என்கிறோம். 'மாதா கடவுளிடம் நமக்காக வேண்டிக்கொள்கிறார்' என்றும் சொல்கிறோம். வினை ஒன்று, 'இடம்' என்னும் உருபை ஏற்பவர் வேறு. ஆகவே இங்கே கேள்வி ஒன்றன்று, இரண்டு. விண்ணகத்தில் இருப்போர் மண்ணில் இருப்போருக்காகக் கடவுளிடம் மன்றாடுகிறார்களா என்பது முதற்கேள்வி. அவ்வாறு மன்றாடும்படி நாம் அவர்களிடம் கேட்கலாமா என்பது இரண்டாவது. முதலாவதற்கு 'ஆம்' என்றால் இரண்டாவதற்கும் 'ஆம்' என்று கத்தோலிக்கர் கருதிவிடுகிறார்கள். இரண்டாவதை மறுப்பதற்காக முதலாவதையும் மறுக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பினர் எண்ணிவிடுகிறார்கள்.

அத்தான் அனுப்பிய முதல் வசனம் எதிர்பார்த்ததுதான்: 1 திமொத்தேயு 2:5. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே ஒருவரே இருக்கிறார் என்னும் இடம். பழைய மொழிபெயர்ப்பில் அச்சொல் 'மத்தியஸ்தர்', கிரேக்கத்தில் 'மெசீதேஸ்'. புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஆறு இடங்களில் மட்டுமே வருகிறது. கலாத்தியர் கடிதத்தில் இரண்டு இடங்கள் சீனாய் மலையில் திருச்சட்டம் அளிக்கப்பட்டதைப் பற்றியவை. எபிரேயர் கடிதத்தின் மூன்று இடங்களில் கிறிஸ்து உடன்படிக்கையின் மெசீதேஸ். அதாவது, ஓர் உடன்படிக்கையை இரு தரப்புக்குமிடையே நின்று நிறைவேற்றுபவரைக் குறிக்கும் சொல் இது. பிறருக்காக மன்றாடுவதற்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு: 'எந்தெவ்க்சிஸ்'. எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளில் அரசனுக்கு அளிக்கும் விண்ணப்பத்துக்கு இதுவே பெயர். இச்சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள்: அதே 1 திமொத்தேயு, அதே இரண்டாம் அதிகாரம், முதல் வசனம். எல்லா மனிதருக்காகவும் மன்றாடுங்கள் என்று நான்கு வசனங்களுக்கு முன்பு சொன்ன ஆசிரியர், ஐந்தாம் வசனத்தில் பிறர் எவரும் மன்றாடக் கூடாது என்று சொல்லியிருக்க முடியாது. இவ்வசனம் புனிதர்களின் மன்றாட்டை விலக்குமாயின், ஞாயிறுதோறும் அத்தானின் போதகர் நோயுற்றோர்மேல் கைவைத்துச் செய்யும் ஜெபத்தையும் விலக்கிவிடும்.

அம்மா தரப்பு வசனங்களும் இதே கதிதான். திருவெளிப்பாடு 5:8இல் மூப்பர்கள் இருபத்துநால்வரும் தூபம் நிறைந்த பொற்கிண்ணங்களை ஏந்தி நிற்கிறார்கள். அத்தூபம் 'ஹாகியோய்' என்போரின் வேண்டுதல்கள். இதைப் 'புனிதர்களின் வேண்டுதல்' என்று வாசித்து, விண்ணகத்தில் புனிதர்கள் வேண்டுவதற்குச் சான்று என்கிறார்கள். ஆனால் பவுல் தம் கடிதங்களில் உரோமையிலும் பிலிப்பியிலும் உயிரோடிருந்த சாதாரண நம்பிக்கையாளர்கள் அனைவரையும் 'ஹாகியோய்' என்றே விளிக்கிறார். கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு அங்கெல்லாம் 'இறைமக்கள்' என்று தருவது சரியான தேர்வு. பொற்கிண்ணங்களில் இருப்பவை மண்ணுலகத்தாரின் வேண்டுதல்களாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. மூப்பர்கள் அவற்றைக் கடவுள்முன் கொண்டுசெல்கிறார்கள் என்பது முக்கியமான செய்தி; ஆனால் அவ்வேண்டுதல்கள் மூப்பர்களை நோக்கிச் சொல்லப்பட்டவை என்பதற்கு அவ்வசனத்தில் ஒரு சொல்லும் இல்லை.

முதற்கேள்விக்கு உண்மையான சான்று வேறோரிடத்தில் இருக்கிறது. 2 மக்கபேயர் 15ஆம் அதிகாரத்தில் யூதா மக்கபே தாம் கண்ட கனவைப் படைவீரர்களிடம் சொல்கிறார். இறந்துபோன தலைமைக் குரு ஓனியா மக்கள் அனைவருக்காகவும் கைவிரித்து மன்றாடுகிறார். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த எரேமியாவோ, மக்களுக்காகவும் திருநகருக்காகவும் மிகுதியாக மன்றாடுபவர் என்று அறிமுகப்படுத்தப்படுகிறார். இதைவிடத் தெளிவு வேண்டியதில்லை. ஆனால் இந்நூல் சீர்திருத்தச் சபைகளின் விவிலியத்தில் இல்லை; விவாதம் அங்கேயே நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். மெலாங்க்தன் அப்படி நிறுத்தவில்லை. 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் அறிக்கை, புனிதர்களை அழைத்து மன்றாட விவிலியம் கற்பிக்கவில்லை என்றது. அடுத்த ஆண்டு அதற்கு அவர் எழுதிய விளக்கவுரை, விண்ணகத்தார் திருச்சபைக்காகப் பொதுவாக மன்றாடுகிறார்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறது. இறந்தோர் மன்றாடுவதற்கு மக்கபேயர் நூலின் இக்கனவைத் தவிர வேறு சான்றில்லை என்றும் கூறுகிறது. ஆக, லூத்தரன் சீர்திருத்தத்தின் அடிப்படை ஆவணமே 'நமக்காக' என்பதை ஒப்புக்கொண்டு 'அவர்களிடம்' என்பதை மட்டுமே மறுத்தது. ஐந்நூறு ஆண்டுகளாகியும் நம் தெருமுனைப் பிரசங்கங்கள் இந்த நுட்பத்தை எட்டவில்லை.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். மன்றாடுதலைக் குறிக்கும் 'எந்துங்கானோ' என்னும் வினைக்கு யாரிடம், யாருக்காக என்ற இரண்டும் வேண்டும். உரோமையர் 8:34இல் கிறிஸ்து நமக்காக மன்றாடுகிறார். 11:2இல் எலியா இஸ்ரயேலுக்கு எதிராகக் கடவுளிடம் முறையிடுகிறார். வினை அதே, முன்னிடைச்சொல் மட்டும் மாறிவிடுகிறது. திருத்தூதர் பணிகள் 25:24இல் ஆளுநரிடம் அளித்த முறையீடு இது. புதிய ஏற்பாட்டில் இவ்வினை வரும் ஓரிடத்திலும் இறந்த மனிதர் ஒருவர் 'யாரிடம்' என்பதற்கு விடையாக வருவதில்லை. வினையை விட்டுவிட்டுக் காட்சியைத் தேடினாலும் கிடைப்பது சொற்பம். லூக்கா 16இல் செல்வர் ஆபிரகாமை அழைத்து இரக்கம் வேண்டுகிறார். அழைப்பவரும் இறந்தவர், வேண்டுதலும் மறுக்கப்படுகிறது. (அந்த உவமையில் வரும் இலாசரின் பெயர்தான் தமிழில் 'தேவசகாயம்' ஆயிற்று, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட நம் தேவசகாயம் அப்பெயரைத் தாங்கியவர்.) திருப்பாடல்கள் வானதூதர்களை விளித்துக் கடவுளைப் போற்றச் சொல்கின்றன, ஆனால் விளியெல்லாம் வேண்டுதலாகிவிடாது. முகிலையும் கிளியையும் தூதுவிட்ட மொழியில் பிறந்த நமக்கு இது சொல்லித்தர வேண்டியதன்று.

என்னை வியக்கவைப்பது மாற்கு 15:35. சிலுவையில் இயேசு தம் கடவுளை அரமேய மொழியில் 'எலோயி' என்று அழைக்கிறார். அருகில் நின்ற சிலர் எலியாவை அழைப்பதாக எண்ணிவிடுகிறார்கள். இது ஒலி மயக்கம். அவர்கள் ஏளனமாகவே சொல்லியிருக்கவும் கூடும். ஆயினும் துன்பத்தில் இருப்பவன் எலியாவைக் கூப்பிடுவது அவர்கள் மனத்துக்கு எட்டாத செயலாக இருந்திருந்தால் அம்மயக்கத்துக்கே இடமில்லை. எலியா இறக்காமல் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர் என்பதும் உண்மை. இதை வைத்து ஒரு கோட்பாட்டைக் கட்ட மாட்டேன். அந்தக் காலத்து எருசலேமில் அப்படியோர் எண்ணம் உலவியிருக்கலாம் என்று மட்டும் கொள்வேன்.

அத்தானின் கடுமையான குற்றச்சாட்டு இணைச்சட்டம் 18:11. அங்கே விலக்கப்படுவது இறந்தோரிடம் குறி கேட்பது. சவுல் ஏந்தோரில் ஒரு பெண் வழியாகச் சாமுவேலை எழுப்பியது போரின் முடிவை அறிய. அவர் தமக்காகக் கடவுளிடம் வேண்டும்படி சாமுவேலைக் கேட்கவில்லை. கடவுள் மறைத்ததை வேறு வழியில் அறிய முயல்வதும், கடவுளிடமே பேசும்படி ஒருவரைக் கேட்பதும் ஒன்றல்ல. அம்மாவை ஏந்தோர்ப் பெண்ணோடு வரிசைப்படுத்தியது விவிலியத்துக்கும் அநீதி, அம்மாவுக்கும் அநீதி.

பின், கத்தோலிக்கரின் நிலைக்கு அடிப்படைதான் என்ன? உரோமையில் புனித செபஸ்தியார் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில், 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே, பேதுருவையும் பவுலையும் பெயர்சொல்லி அழைத்து இன்னாருக்காக வேண்டுங்கள் என்று மக்கள் கீறிவைத்திருக்கிறார்கள். 1563 டிசம்பரில் திரெந்துப் பொதுச்சங்கம் இப்பழக்கத்தை நல்லது, பயனுள்ளது என்றது. கட்டாயம் என்று சொல்லவில்லை. அதற்கு ஆதாரமாக அது சுட்டியது தொடக்கக் காலம் முதலான திருச்சபை வழக்கையும் தந்தையரின் ஒருமித்த கருத்தையும் சங்கங்களின் ஆணைகளையுமே. மரபையும் மறைநூலோடு சேர்த்து ஏற்கும் திருச்சபைக்கு அது போதும். நம்மவர்கள் அதைச் சொல்லாமல், 'வசனம் எங்கே' என்று கேட்டதும் கிடைத்த வசனத்தை வளைக்கத் தொடங்குகிறார்கள். எதிராளியின் விதிப்படி ஆடச் சம்மதித்துவிட்டுத் தோற்பது இது. இறந்தோரும் கிறிஸ்துவில் உயிரோடிருக்கிறார்கள், சாவு அந்த உறவை அறுப்பதில்லை என்பதற்கு வசனம் உண்டு. நாம் அழைப்பது அவர்களுக்குக் கேட்கிறது என்பதற்கு நேரடி வசனம் இல்லை. மனம் திரும்பும் ஒருவரைக் குறித்து விண்ணில் மகிழ்ச்சி உண்டாகும் என்று லூக்கா 15 சொல்வதிலிருந்து ஊகிக்கலாம், அது ஊகமே.

மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் கற்ற விளக்கமோ இன்னும் மோசம். கலெக்டரைப் பார்க்க ஒருவரின் சிபாரிசு வேண்டாமா, அதுபோலத்தான் புனிதர்கள் என்றார்கள். 4ஆம் நூற்றாண்டில் பவுலின் கடிதங்களுக்கு உரை எழுதிய, இன்று அம்புரோசியாஸ்டர் என்று அழைக்கப்படும் பெயரறியா ஆசிரியர், இதே உவமையைப் பிற தெய்வங்களை வணங்கியோரின் சாக்காகக் குறிப்பிட்டு, எல்லாம் அறிந்த கடவுளுக்குச் சிபாரிசு செய்வோர் தேவையில்லை என்று மறுக்கிறார். யாக்கோபு 5:16 ஒருவருக்காக ஒருவர் மன்றாடச் சொல்வது கடவுள் எட்டாத இடத்தில் இருப்பதால் அன்று. கத்தோலிக்க மன்றாட்டு மாலை இதில் கவனமாகவே இருக்கிறது: கடவுளை விளிக்கும்போது 'இரக்கமாயிரும்' என்றும், புனிதர்களை விளிக்கும்போது 'வேண்டிக்கொள்ளும்' என்றும் வினையை மாற்றுகிறது. ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் 'மாதா கொடுத்தது' என்று பேசத் தொடங்குவது நாம்தான். அத்தானின் அச்சத்துக்கு அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. இதை அம்மாவிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

இவ்வளவையும் தொலைபேசியில் கேட்ட அத்தான், "அப்ப அவங்ககிட்ட கேக்கணும்னு பைபிள்ல இல்லன்னு ஒத்துக்கிறியா?" என்றார். ஒத்துக்கொண்டேன். அத்தை செய்தது குறி கேட்பது அல்ல என்பதை நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.