திருவிழா லிஸ்டுல முதல் மூணு



வர்ற ஞாயிறு எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மீட்டிங். போன வருஷ லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 32 வேலை. அதுல பூஜைக்கும் அன்னதானத்துக்கும் உள்ளது ஒன்பதுதான். மிச்சமெல்லாம் லைட்டு, ஸ்பீக்கர், பேனர், பொன்னாடை, பிரமுகர் நாற்காலி.

பொன்னாடை என் பொறுப்பு. போன வருஷம் பிரமுகர் வர லேட்டு. அவருக்காக மத்தியான தீபாராதனையை முக்கால் மணி நேரம் நிறுத்தி வச்சோம். லயத்துக் காலத்துல இருந்து வர்ற ஒரு பாட்டி, விரதம் இருந்தவங்க, வெயில்ல மயங்கி விழுந்துட்டாங்க. தூக்க ஓடினேன். கையில பொன்னாடைப் பை. அதை எங்க வைக்கிறதுன்னு ஒரு நிமிஷம் முழிச்சேன் பாருங்க, அது இன்னைக்கும் மனசை உறுத்துது.

நான் வேலை செய்யிற ஃபேக்டரியில 5எஸ்னு ஜப்பான்காரங்க முறை ஒண்ணு உண்டு. அதுல முதல் எஸ் 'செய்ரி'. வேணுங்கிறதையும் வேண்டாததையும் பிரிக்கணும். சந்தேகமான சாமானுக்கு சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். சொன்ன நாளுக்குள்ள யாருக்கும் தேவைப்படலைன்னா வெளியே போயிடும். சீட்டு ஒட்டும்போது எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. தூக்கினப்புறம் யாரும் தேடுறதில்லை. இத்தனை வருஷத்துல நான் கண்டது இது.

நம்ம மலாக்காவுல மாசி மகம்னா, 1781-ல எழுந்த பொய்யாத விநாயகர் கோயில்ல இருந்து செங் சன்னாசிமலைக்கு ரதம் போகும். வழியெல்லாம் ஜனம். அப்படிப்பட்ட ஊர்ல 2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோயில் கதவெல்லாம் சாத்தியாச்சு. எங்க கோயில்ல பூசாரி ஐயா மட்டும் விளக்கேத்தி பூஜை பண்ணினார். அம்மனுக்கு என்ன குறைஞ்சது? குறை நமக்குத்தான். அப்ப நாம ஏங்கினது பேனருக்கா? சன்னதியில நின்னு கும்பிடவும், பக்கத்துல உக்காந்து ஒண்ணா சாப்பிடவும்தானே ஏங்கினோம்.

"அண்ணே, பிரமுகர் வரலைன்னா நன்கொடை ஏது? ஸ்பீக்கர் இல்லன்னா பசங்க வருவாங்களா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். நன்கொடை வேணும். ஆனா பொன்னாடையை அன்னதானத்துக்கு அப்புறம் போடலாமே. பசங்களுக்கு பரிமாறுற பொறுப்பைக் கொடுத்துப் பாருங்க. வேலை இருக்கிற இடத்துக்குப் பையன் தானா வருவான்.

அதனால மூணே மூணை முதல்ல எழுதுவோம். சொன்ன நேரத்துக்கு பூஜை. வயசானவங்களுக்கு நிழலும் நாற்காலியும். வந்தவங்க எல்லாருக்கும் வயிறார சோறு. இந்த மூணும் முடிஞ்சு காசும் ஆளும் மிஞ்சினா மத்ததைப் பேசுவோம். இல்லைன்னா விட்டுடுவோம்.

மீட்டிங்குல முதல்ல என் பொன்னாடைப் பொறுப்பை விடப்போறேன். இந்த வருஷம் தண்ணிப் பந்தல்ல நிக்கிறேன். பாட்டி இப்பவும் விரதம் இருக்கப் போறாங்களாம்.

தப்பா சொல்லியிருந்தா மன்னிக்கணும். தாயே துணை.